லினக்ஸ் மின்ட் 22: தக்கலை பக்கம் ஒரு டிடிபி கடையில ஓட்டிப் பாத்த ரிவ்யூ

மொதல்லயே தீர்ப்ப சொல்லிருதேன், முழுசா படிக்க நேரமில்லாதவங்க இதோட போயிரலாம். கையில இருக்கது பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் 11 ஏற மாட்டேங்குது, வேலைன்னு பாத்தா பிரவுசர், யூடியூப், வாட்ஸ்அப் வெப், ரெண்டு லெட்டர் டைப் பண்ணி பிரின்ட் எடுக்கது, அவ்வளவுதான்னா யோசிக்காம லினக்ஸ் மின்ட் போடுங்க, அது விண்டோஸுக்கு பதிலா கம்ப்யூட்டர்ல போடுற ஓசி ஓஎஸ், நல்லா கொள்ளாம். டாலில கணக்கு ஓட்டுறவங்க, பேஜ்மேக்கர்ல (பக்கம் வடிவமைக்கிற பழைய சாஃப்ட்வேர்) நோட்டீஸ் அடிக்கிறவங்க, ஃபோட்டோஷாப்ல கை பழகிப் போனவங்க மட்டும் கொஞ்சம் நில்லுங்க, கீழ இருக்கது எல்லாம் உங்களுக்குத்தான்.

எங்க கடை தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவுல ரோட்டோரத்துல. ஜெராக்ஸ், டிடிபி (கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி பக்கம் அமைக்கது), பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ, ஆன்லைன் அப்ளிகேஷன், கல்ஃப் போற பயலுவளுக்கு ரெசூமே, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்னு எது வந்தாலும் செய்வோம். மூணு சிஸ்டம் இருக்கு. அதுல ரெண்டு நாலாவது தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், நாகர்கோவில்ல செகண்ட் ஹேண்டா எடுத்தது. ரெண்டுலயும் விண்டோஸ் 10தான் ஓடிட்டு இருந்துது.

2015ல விண்டோஸ் 10 வந்த நேரம் மைக்ரோசாப்ட் ஆளு ஒருத்தரு மேடையில நின்னு இதுதான் கடைசி விண்டோஸ்னு பேசினாரு, சரி இனி ஆயுசுக்கும் இது போதும்னு நாமளும் நம்பிட்டு கெடந்தோம், 2021ல பாத்தா 11 வந்து நிக்குது. அதுக்கு டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப்பு வேணுமாம், ப்ராசஸர் இன்டெல்னா எட்டாவது தலைமுறையில இருந்துதான் சேத்துக்குவாங்களாம். நல்லா ஓடிட்டு இருக்க மெஷின தூக்கி பழைய சாமான்காரன்ட்ட போடச் சொல்லுதாங்க, வேற என்ன அர்த்தம். 2025 அக்டோபர் 14ஓட 10க்கு சப்போர்ட் முடிஞ்சுது. கூடுதலா ஒரு வருஷம், அதாவது 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் தருவோம்னாங்க, அதுக்கு மைக்ரோசாப்ட் அக்கவுன்ட்ல செட்டிங்ஸ எல்லாம் பேக்கப் பண்ணணும், இல்லன்னா ரிவார்ட்ஸ் பாயின்ட் 1000 இருக்கணும், அதுவும் இல்லன்னா 30 டாலர் கட்டணும். கடை சிஸ்டம்ல எதுக்கு எனக்க சொந்த அக்கவுன்ட்ட போட்டு வைக்கணும்? நாலு பேரு வந்து ஒக்காருற இடம்.

குறுக்கு வழி இருக்கு, தெரியும். ஐ3லயும் செக்கிங்க ஏமாத்தி 11 போட்டுத் தர ஆளு நாகர்கோவில்லயும் உண்டு மார்த்தாண்டத்துலயும் உண்டு. ஆனா அந்த மாதிரி மெஷினுக்கு அப்டேட் வரும்ங்கிறதுக்கு உத்தரவாதம் கெடையாதுன்னு மைக்ரோசாப்டே சொல்லுது, இன்னிக்கு வரும், நாளைக்கு நின்னுட்டா யாருட்ட போயி கேக்க? அதுபோக 4 ஜிபி ரேம்ல 11 ஓட்டுறதுக்கு பேசாம கைல எழுதிக் குடுத்துரலாம். ரேம் ஏத்தலாம்னு பாத்தா ஏஐ கம்பெனிக்காரங்க டேட்டா சென்டருக்கு வாரிட்டு போறதுல ரேம் வெலையே எங்கயோ போயி நிக்குது. நம்ம ஊர் கடைகள்ல ஓடுறது எந்த விண்டோஸ், அத யாரு ஆக்டிவேட் பண்ணினாங்கிறது எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும், அதப் பத்தி இங்க பேச வேண்டாம்.

அப்படித்தான் மின்ட். 2006ல கிளெமென்ட் லெஃபெவ்ர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஆரம்பிச்சது, உபுண்டுங்கிற இன்னொரு லினக்ஸ அடிப்படையா வச்சு செய்யுதாங்க, காசு கெடையாது, விருப்பப்பட்டவங்க குடுக்க நன்கொடையிலயும் ஸ்பான்சர்லயும் ஓடுது. 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. சின்னமன், மேட்டே, எக்ஸ்எஃப்சிஇன்னு மூணு ரகம் இருக்கு, 4 ஜிபி மெஷின்னா எக்ஸ்எஃப்சிஇ எடுங்க, பாக்க கொஞ்சம் பழசு மாதிரி இருக்கும் ஆனா கனம் கெடையாது. பென்டிரைவ்ல ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாமலே பூட் பண்ணி முழுசா ஓட்டிப் பாக்கலாம், வைஃபை எடுக்குதா, சவுண்டு வருதா, பிரிண்டர் தெரியுதான்னு எல்லாம் பாத்துட்டு அப்புறமா ஹார்ட் டிஸ்க்ல கை வச்சா போதும். இந்த ஒரு வசதிய நான் ரொம்ப மதிக்கேன். இன்ஸ்டால் பண்ணுறது பெரிய வித்தையெல்லாம் இல்ல, சாயா குடிச்சிட்டு வந்தா முடிஞ்சிருக்கும், ஆனா ஹார்ட் டிஸ்க்க மாத்தி எஸ்எஸ்டி போட்டுட்டு செய்யுங்க, பழைய ஹார்ட் டிஸ்க்ல எந்த ஓஎஸ் போட்டாலும் நத்தைதான்.

ஓட்டம் எப்படின்னா, ஸ்டார்ட் மெனு அமுக்கின ஒடனே வருது, இது கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா அதே மெஷின்ல முந்தி மெனு அமுக்கிட்டு நாலு செகண்டு காத்துக் கெடந்தவனுக்குத்தான் அதோட அரும தெரியும். மெனுல விளம்பரம் இல்ல, அத இன்ஸ்டால் பண்ணு இத ட்ரை பண்ணுன்னு தொந்தரவு இல்ல, கோபைலட்ங்கிற ஏஐ இல்ல. குரோம் இருக்கு, ஃபயர்பாக்ஸ் இருக்கு. பத்து டேப் தொறந்தா மூச்சு வாங்கும், அது ரேமோட குத்தம். அப்டேட்ட பொறுத்தவரை, கீழ ஓரத்துல ஒரு சின்ன கவசம் மாதிரி ஐகான் வரும், எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம், வேண்டான்னா கெடக்கட்டும். ஆளு கியூல நிக்கும்போது ரீஸ்டார்ட் ஆகுற கத கெடையாது. டைம்ஷிப்ட்னு ஒண்ணு கூடவே வருது, அத ஆன் பண்ணி வச்சிருந்தா அப்டேட்ல ஏதாவது கோளாறு ஆனாலும் முந்தின நெலமைக்கு திருப்பிக்கலாம். எங்க மாவட்டத்துல ரெண்டு மழையும் பெய்யும், ஜூன்லயும் கரண்டு போகும் அக்டோபர்லயும் போகும், யுபிஎஸ் பேட்டரிய பத்தி சொல்லவே வேண்டாம், பட்டுனு ஆஃப் ஆகி திரும்ப போட்டா ஒண்ணும் கேக்காம வந்து நிக்குது.

இனி கொற. மொதல் வில்லன் பச்ச டிக்.

ஆன்லைன் கடை வச்சிருக்கவங்களுக்கு ஒடனே புரிஞ்சிருக்கும். ஆதார் டவுன்லோடு பண்ணினா அந்த பிடிஎஃப்ல டிஜிட்டல் கையெழுத்து இருக்க எடத்துல மஞ்ச கலர்ல கேள்விக்குறி காட்டும், அடோபி ரீடர்ல தொறந்து கையெழுத்த வேலிடேட் பண்ணினா பச்ச டிக்கா மாறும். லினக்ஸுக்கு அடோபி ரீடர் வெளியிடுறத அந்த கம்பெனி நிறுத்தி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. மின்ட்ல வர எக்ஸ்ரீடர்ல ஃபைல் நல்லா தொறக்கும், பாஸ்வேர்டு போட்டா வரும், பிரின்ட் போகும், ஆனா கேள்விக்குறி கேள்விக்குறியாவே இருக்கும். ஆக்குலர்னு இன்னொரு சாஃப்ட்வேர் இருக்கு, அது கையெழுத்த சரிபாத்து ஓரத்துல விவரம் சொல்லும், ஆனா பேப்பர்ல டிக் விழாது. கையெழுத்து செல்லும், செல்லாதுங்கிறது ஃபைலுக்குள்ள இருக்க விஷயம், பேப்பர்ல டிக் அச்சாகுறதுல ஒண்ணும் இல்லன்னு நான் எவ்வளவு வெளக்கினாலும் எடுபடாது. ஒரு பாட்டா பிரின்ட்ட வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு பாத்துட்டு "இதென்ன மக்களே, எனக்க ஆதார்ல கேள்விக்குறி போட்டிருக்கு, நான் யாருன்னு அவனுக்கு சந்தேகமா?"ன்னு கேட்டாரு, கடையே சிரிச்சுது. "பாட்டா அது ஒண்ணும் செய்யாது"ன்னா "பக்கத்து கடையில டிக்கோட தாறானே"ங்காரு. நியாயம்தான். அதனால மூணாவது சிஸ்டத்துல விண்டோஸ் வச்சிருக்கேன், டிக் வேணும்ங்கிறவங்களுக்கு அதுல. கைரேகை மெஷினும் அதுலதான், அதுக்குள்ள சாஃப்ட்வேர் விண்டோஸுக்குத்தான் எளுப்பமா கெடைக்குது.

அடுத்து தமிழ் டைப்பிங். இதுல மின்ட்ட நான் நல்லாவே பாராட்டுவேன், ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். கீபோர்டு லேஅவுட் லிஸ்ட்ல போனா தமிழ்நெட் 99னு ஒண்ணு கெடக்கும், அத சேத்துட்டு டைப் பண்ணினா 'அம்மா'வுக்கு புள்ளி தானா விழாது, நாமளே போடணும், அப்ப தமிழ்99ங்கிற கீபோர்டு முறை பழகினவன் கடுப்பாகி லினக்ஸே வேண்டாம்னு ஓடிருவான். அது சாதா லேஅவுட், ஒரு கீக்கு ஒரு எழுத்து, அதுக்கு மேல புத்தி கெடையாது. இன்புட் மெத்தட்ல போயி ஐபஸ் போட்டு, எம்17என்ங்கிற பேக்கேஜ சேத்தா அதுக்குள்ள இன்னொரு தமிழ்99 வரும், அதுல ம ரெண்டு தடவ அடிச்சா மொத ம-க்கு தானா புள்ளி விழும், முறையான தமிழ்99 அதுதான். டைப்ரைட்டர் லேஅவுட்டும் உண்டு, இன்ஸ்டிடியூட்ல போயி லோயர் ஹையர் பாஸ் பண்ணின அக்காமாருக்கு அது போதும். அம்மான்னு இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ்ல வர ரகமும் இருக்கு. அதாவது விண்டோஸ்ல என்எச்எம் ரைட்டர்ங்கிற தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர்ல பண்ணிட்டு இருந்த எல்லாம் இங்க நடக்கும், எங்க இருக்குன்னு தேடுறதுதான் பாடு. மெனு எல்லாத்தையும் தமிழ்ல மாத்திப் பாத்தேன், பாதி தமிழ் பாதி இங்கிலீஷா வருது, திருப்பி இங்கிலீஷுக்கே வந்துட்டேன்.

ஆனா டிடிபிகாரனுக்கு பிரச்சன டைப்பிங் இல்ல, பழைய ஃபாண்ட். என்னக் கேட்டா எங்கள மாதிரி கடைகள விண்டோஸ்ல கட்டிப் போட்டிருக்கது மைக்ரோசாப்டே இல்ல, பாமினிங்கிற பழைய தமிழ் ஃபாண்ட்டும் பேஜ்மேக்கரும்தான். வெளிய உள்ளவங்களுக்காக சொல்லுதேன். பாமினில தமிழ்னு அடிக்கணும்னா ஜே, கே, பி, ஓ, செமிகோலன். கம்ப்யூட்டரப் பொறுத்தவரை உள்ள இருக்கது அந்த இங்கிலீஷ் எழுத்துதான், மேல போத்தியிருக்க ஃபாண்ட்டு மட்டும் தமிழ். ஃபாண்ட்ட உருவினா ஜேகேபிஓ. எங்க கடையில இருக்க கொடை நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், பால்காய்ச்சு கார்டு, பதினாறாம் நாள் கார்டு எல்லாம் வருஷக்கணக்கா இப்படி பேஜ்மேக்கர் 7ல சேந்து கெடக்கு. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001ல, அதோட அடோபி அந்த கடைய மூடிட்டு இன்டிசைன் பக்கம் போயாச்சு. அதுக்கு யூனிகோடு, அதாவது எந்த ஃபாண்ட் போட்டாலும் தமிழ் எழுத்து தமிழாவே இருக்க பொது முறை, தெரியாது. 2010லயே தமிழ்நாடு அரசு யூனிகோடுதான்னு ஆணை போட்டாச்சு, அதுக்கப்புறமும் நம்ம டிடிபி ஒலகம் அசையல. ஏன்னா போன வருஷ நோட்டீஸ தொறந்து, தேதிய மாத்தி, கமிட்டி தலைவர் பேர மாத்தி, அன்னதான உபயம் பேர மாத்தினா வேல முடிஞ்சுது. யாரு புதுசா செய்வா?

மின்ட்ல பாமினி ஃபாண்ட் ஃபைல டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் பண்ணினா ஏறிரும், பாமினில அடிச்ச வேர்டு ஃபைலு எம்எஸ் ஆபீஸுக்கு பதிலா உள்ள லிப்ரேஆபீஸ்ல நல்லாவே தெரியும். பேஜ்மேக்கர் ஃபைலுதான் சிக்கல். விண்டோஸ் சாஃப்ட்வேர லினக்ஸ்ல ஓட்ட வைக்கிற வைன் வழியா ஓட்டலாம்னு சொல்லுவாங்க, கஸ்டமர் முன்னாடி நின்னுட்டு இருக்கும்போது நம்பி ஒக்காரக்கூடிய காரியம் இல்ல அது. அதனால புது வேலைய எல்லாம் பேஜ்மேக்கர் மாதிரி ஓசியா கெடைக்க ஸ்கிரைபஸ்ல செய்ய ஆரம்பிச்சேன். பழைய ஸ்கிரைபஸ்ல தமிழ் போட்டா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமா கெடக்கும், இப்ப 1.6ல ஒழுங்கா ஒக்காருது.

இதுல எதிர்பாக்காத லாபம் ஒண்ணு கெடச்சுது. இப்ப எல்லாம் யாரும் மேட்டர பேப்பர்ல எழுதிட்டு வரது இல்ல, வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க, வாட்ஸ்அப்ல வரது யூனிகோடு. பேஜ்மேக்கர்னா அத கன்வெர்ட்டர்ல போட்டு பாமினியா மாத்தணும், மாத்தும்போது எங்கயாவது ஒரு 'ஸ்ரீ' ஒடையும், கமாவுக்கு பதிலா வேற ஒண்ணு வந்து நிக்கும், அத தேடி திருத்தணும், அதுல ஒரு உபயதாரர் பேரு மாறினா கொடை முடியுற வரைக்கும் பேச்சு கேக்கணும். இங்க காப்பி பேஸ்ட், அப்படியே வந்து விழுது. கவலையே இல்ல. கொற என்னன்னா அலங்கார ஃபாண்ட் கம்மி. கல்யாண கார்டுக்கு வளைச்சு நெளிச்சு போடுற எழுத்தெல்லாம் பழைய என்கோடிங்லதான் குவிஞ்சு கெடக்கு. யூனிகோடுல ஓசியா கெடைக்கதுல கவிவனார் கொள்ளாம், கைல எழுதின மாதிரி சாஞ்சு நிக்கும். தலைப்புக்கு பலூ தம்பி போடலாம், அஞ்சலி போஸ்டருக்கு ஒத்து வராது, குண்டு குண்டா சிரிச்ச மொகம் மாதிரி இருக்கும். மேட்டருக்கு முக்தா மலர், இல்லன்னா தமிழ் இணையக் கல்விக்கழகம் தந்த மருதம். ஆனா "போன வருஷம் போட்ட அதே எழுத்து வேணும்"னு கமிட்டிக்காரரு கேட்டாருன்னா நேரா மூணாவது சிஸ்டத்துக்கு போக வேண்டியதுதான்.

லிப்ரேஆபீஸ் பத்தி சுருக்கமா. லெட்டர், மனு, பில்லு எல்லாத்துக்கும் தாராளம். காலேஜ் பிள்ளைங்க பென்டிரைவ்ல கொண்டு வர ப்ராஜெக்ட் ஃபைல மட்டும் தொறந்த ஒடனே பிரின்ட் குடுத்துராதீங்க. கேலிப்ரி இல்லாததால அதே அகலம் உள்ள கார்லிட்டோவ வச்சு சமாளிக்கும், இங்கிலீஷ் அதனால பெருசா நகராது, ஆனா விண்டோஸ் ஃபாண்ட்டு லதாவோ நிர்மலாவோ போட்டு தமிழ்ல அடிச்ச ஃபைலுன்னா ஃபாண்ட் மாறி பக்கம் தள்ளிப் போயிரும். பிடிஎஃப் ஆக்கிட்டு வாங்கன்னு போர்டே எழுதி ஒட்டிருக்கேன்.

ஃபோட்டோ வேல. ஃபோட்டோஷாப்புக்கு பதிலா உள்ள கிம்ப் நல்ல சாஃப்ட்வேர்தான், பாஸ்போர்ட் ஃபோட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர்ல வெட்டி ஷீட்ல அடுக்குறதுக்கு எல்லாம் அது தாராளமா போதும், ஆனா எங்க கடையில வேல பாக்குற பொண்ணுக்கு கை முழுக்க ஃபோட்டோஷாப் ஷார்ட்கட். அதுக்கு கோவம்னா கோவம். சரி பிரவுசர்லயே ஓடுற ஃபோட்டோபியா பாரு, அச்சு அசல் ஃபோட்டோஷாப் மாதிரி இருக்கும்னு தொறந்து குடுத்தேன். ஃபோட்டோவோட அளவ மாத்துற கன்ட்ரோல் டி (T) அமுக்கிச்சு, பிரவுசர்ல புது டேப் தொறந்துது. அதுக்குத்தான் ஃபோட்டோபியாக்காரன் கன்ட்ரோல் ஆல்ட் டின்னு மாத்தி வச்சிருக்கான், அத சொல்லிக் குடுத்தேன், அமுக்கிச்சு. மின்ட்ல கன்ட்ரோல் ஆல்ட் டின்னா டெர்மினல், அதாவது கட்டளை டைப் பண்ணுற ஜன்னல், தொறக்குற கீ. ஃபோட்டோ மேல கறுப்பா ஒரு பெட்டி வந்து நின்னுது. "அண்ணே, வைரஸ் வந்துட்டு"ன்னு பிள்ள மவுஸ விட்டுட்டு எழும்பிட்டு. கீபோர்டு செட்டிங்ஸ்ல போயி அந்த ஷார்ட்கட்ட எடுத்துவிட்டா சரியாயிரும், எடுத்தும் விட்டாச்சு, ஆனாலும் ஃபோட்டோ வேலைக்கு அது இன்னும் மூணாவது சிஸ்டத்துக்குத்தான் போகுது. அதுக்கு மேல நான் கட்டாயப்படுத்தல, கூட்டம் இருக்கும்போது வேகம்தான் முக்கியம்.

பிரிண்டர் விஷயத்துல பாதிக்கு பாதி. இங்க் டேங்க் பிரிண்டர கேபிள் சொருகின ஒடனே எடுத்துக்கிச்சு, டிரைவர் சிடி தேடுற வேலையே இல்ல, ஸ்கேனரும் சேத்து. அதே நேரம் கடையில நிக்கிற பழைய லேசர், எல்லா ஜெராக்ஸ் கடையிலயும் பாத்திருப்பீங்க, கம்பெனி பேரு வேண்டாம், அதுக்கு டிரைவர் போடுறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கெழம போச்சு, போட்டும் மொத பிரின்ட் போகும் ரெண்டாவது நிக்கும். கடசில அத விண்டோஸ் சிஸ்டத்துல மாட்டி, நெட்வொர்க்ல ஷேர் பண்ணி, மின்ட்ல இருந்து அங்க அனுப்புறோம், அது பிரச்சன இல்லாம போகுது. மின்ட் போடுறதுக்கு முன்னாடி உங்க பிரிண்டர் மாடல் நம்பரோட லினக்ஸ்னு சேத்து ஒரு தடவ தேடிப் பாத்துருங்க. எச்பில பெரும்பாலான மாடலுக்கு அந்த கம்பெனியே லினக்ஸ் டிரைவர் தருது.

"லினக்ஸ் எல்லாம் இன்ஜினியருக்குல்லா"ன்னு கேக்கிறவங்களுக்கு ஒண்ணு. களியக்காவிள தாண்டினா பாறசால. அங்க கவர்மென்ட் ஸ்கூல்ல படிக்கிற பிள்ளைங்க கம்ப்யூட்டர்னு பழகுறதே லினக்ஸ்லதான், கேரளா அரசு ஸ்கூல் கம்ப்யூட்டருக்குன்னே உபுண்டுவ வச்சு தனியா ஒண்ணு செஞ்சு குடுத்துருக்கு. எங்க சொந்தத்துல அங்க படிக்கிற கொச்சு ஒண்ணு லீவுக்கு வந்தப்ப கடையில ஒக்காந்து, நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்காமலே கிம்ப தொறந்து படம் வரைஞ்சிட்டு இருந்துது. அந்தப் பிள்ளைக்கு ஃபோட்டோஷாப்தான் புதுசு. 1956 வரைக்கும் எல்லாரும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான், இப்ப செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஓஎஸ் இந்தப் பக்கம் ஒரு ஓஎஸ்.

மார்க்கு கேட்டா, வீட்டுக்கு அஞ்சுக்கு நாலர, எங்கள மாதிரி கடைக்கு மூணர. ஆடிட்டர் ஆபீஸா, டாலிய வேற மெஷின்ல வச்சுக்குங்க, டாலிக்கு லினக்ஸ் வெர்ஷன் கெடையாது. கொஞ்சம் பயம்னா விண்டோஸ எடுக்காம பக்கத்துலயே மின்ட்ட போடலாம், ஆன் பண்ணும்போது எது வேணும்னு கேக்கும், ஆனா அப்படி வச்சா ஆளுங்க பழக்கதோஷத்துல விண்டோஸுக்கே போவாங்க, நான் ரெண்டு சிஸ்டத்துல முழுசா அழிச்சு போட்டதுக்கு காரணம் அதுதான். டேட்டாவ மொதல்ல வேற டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு செய்யுங்க.

ரொம்ப பழைய 32 பிட் மெஷின தூக்கிட்டு வந்து இதுல மின்ட் ஓடுமான்னு ரெண்டு மூணு பேரு கேட்டாங்க. ஓடாது, மின்ட் 22 64 பிட் மட்டும்தான். டெபியன்ங்கிற வேற லினக்ஸ வச்சு மின்ட்காரங்க செய்யுற எல்எம்டிஇன்னு இன்னொண்ணு இருக்கு, அதுலயும் 6ஓட 32 பிட் நின்னு போச்சு, 2025ல வந்த 7ல இல்ல.